கச்சான் காத்து ஓய்ஞ்ச பொறகு மாடு சினை நிக்குதில்ல, பிழை பசுவிலயா நாம்பன்லயா?

படுவான்கரைப் பட்டி
எல்லாருக்கும் வணக்கம். மாடு வளக்கிற ஆக்கள், மிருக வைத்தியம் படிச்ச ஆக்கள் ஆரும் இரிந்தா ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. எங்கட பட்டி கொக்கட்டிச்சோலைக்கு உள்ளால, பசுவும் எருமையும் சேந்துதான் நிக்குது, பால் முழுக்கத் தயிருக்குத்தான் போகும். முந்தி நாட்டு நாம்பன்தான் வைச்சிரிந்தம், பால் கூடட்டும் எண்டு போன வருசம் மலைநாட்டுப் பக்கத்தால ஒரு பிரீசியன் கலப்பு நாம்பன் எடுத்து விட்டம். ஆள் நல்ல வாட்டசாட்டம், பசு சினைக்குக் கத்தினா விடமாட்டான், அந்த விசயத்துல குறையே சொல்லேலா.

ஆனா ஆவணி புரட்டாசியில ஏறின பசு ஒண்டும் சினை நிக்கல்ல. மூண்டு கிழமையில திரும்பக் கத்துது, திரும்ப ஏறுறான், திரும்பக் கத்துது. வைகாசிக்குப் பொறகு இந்த முறை கச்சான், அந்தக் காஞ்ச சூட்டுக் காத்து, அடிச்ச அடி தெரியும்தானே, குளம் வத்தி வெட்டையில ஒதுங்க ஒரு மரநிழல் இல்ல. ஊர்ப் பெரியாக்கள் பசுவுக்கு உள்சூடு எண்டு வெந்தயம் ஊறவைச்சுக் குடுக்கச் சொல்றாங்க. இறைச்சி வியாபாரி ஒராள் மலட்டு மாடு எண்டா தாங்க எண்டு வாசல்ல வந்து நிக்கிறான். எனக்கு விளங்காத ஒண்டு, ரெண்டு மழை பெய்ஞ்சு வெக்கை தணிஞ்ச பொறகுதான் இந்தப் பிரச்சினை. சூடுதான் காரணம் எண்டா சூடு இரிக்கக்குள்ளதானே வரணும்?

கிரான்குளத்தான்
தாதுப்பு கட்டி தொங்கவிடுங்கண்ணே. வைக்கோல மட்டும் திண்டா மாடு எங்க சினைப்படுற. வியாபாரியப் படலைக்கு உள்ள எடுக்காதீங்க.

வெள்ளைக்கோட்டு
அண்ணே, நான் மிருக வைத்தியம் படிச்சவ, இப்ப வேற வேலை பாக்கிறன். நீங்க கடைசியாக் கேட்ட கேள்வியிலதான் விசயமே இரிக்கு. பசுவுக்கு வெந்தயம் குடுக்கிறதுக்கு முதல் நாம்பனப் பாருங்க.

நாம்பன்ட உடம்புச்சூடு 38.5 பாகை மட்டில. விதை ஒழுங்கா வேலை செய்ய அதைவிட 2 தொடக்கம் 6 பாகை வரைக்கும் குறைவா இரிக்கணும், அதுக்காகத்தான் வெளிய தொங்குது. உடம்புக்குள்ளால இறங்கி வாற நாடி விதைக்கு மேல சுருள் சுருளா வளைஞ்சிரிக்கும், அதைச் சுத்தி வலை மாதிரி திரும்பிப்போற நாளம். குளிர்ந்து மேல போற ரத்தம் சூடா இறங்கி வாற ரத்தத்துட சூட்ட வழியிலயே எடுத்திரும். அதோட பையைத் தூக்கி இறக்க ஒரு தசை, தோலைச் சுருக்கி விரிக்க இன்னொரு தசை, வேர்க்கிறதுக்கு வேர்வைச் சுரப்பி. விடியக்காலமை பனிக்குள்ள நாம்பன்ட பின்னால போய்ப் பாருங்க, சுருங்கிச் சுருக்கு விழுந்து வயித்தோட ஒட்டி நிக்கும். மத்தியானம் ஒரு மணிக்குப் பாருங்க, தோல் மினுங்க நீட்டித் தொங்கும். அவ்வளவு நீட்டித் தொங்கியும் ஏலாத அளவுக்கு வெக்கை எண்டா, அதுவும் ராவைக்கும் தணியாத வெக்கை எண்டா, உள்ளுக்கு சூடு ஏறிரும்.

இப்ப உங்கட கேள்வி. நாம்பனுக்கு ஒரு விந்தணு உண்டாகி முடிய 61 நாள் செல்லும். மறுகா விதையோட ஒட்டியிரிக்கிற நீளக் குழாய்க்குள்ள ஒரு பத்து நாள் மட்டில நிண்டு முத்தித்தான் வெளிய வரும். சூடு பட்டா முதல் அடிவாங்கிறது முத்தின அணு இல்ல, பாதி வழியில பிரிஞ்சு கொண்டிரிக்கிற கலங்களும் வால் முளைக்காத உருண்டைப் பருவத்துல இரிக்கிறதும்தான். நெல்லு குடலைப் பருவத்துல தண்ணி இல்லாமப் போனா அண்டைக்கு ஒண்டும் தெரியாது, வெட்டக்குள்ளதானே பதர் தெரியும், அது மாதிரித்தான். ஆவணியில உங்கட பசுவுக்குப் போனது ஆனி ஆடியில, கச்சானுக்குள்ள உண்டான அணு.

இதை நாம்பன்ட விதைப்பையைத் துணியால மூடிக்கட்டி வைச்சே பாத்திரிக்காங்க. ரெண்டு நாள் கட்டினாலும் காணும். கட்டின உடன எடுத்த விந்து நல்லாத்தான் இரிக்கும். ரெண்டு மூண்டு கிழமையால எடுத்துப் பாத்தா வால் மடிஞ்சது, தலை கழண்டது, தலை கோணினது எண்டு கிடக்கும். பிறகு மெல்ல மெல்ல சரியாகும்.

இன்னொண்டு, ஏறுறத வைச்சு நாம்பன எடை போடாதீங்க. ஆசை வேற, அணு வேற. ஆசையக் குடுக்கிற கலம் வேற இடத்துல இரிக்கு, அது சூட்டைக் கொஞ்சம் தாங்கும். அதாலதான் அணு செத்துக் கிடந்தாலும் நாம்பன் குறையில்லாம ஏறுவான், பழி பசுவுக்குப் போகும்.

செங்கலடிச் சிங்கன்
படிச்சவங்க சொன்னா சரிதான், ஆனா எங்கட அப்பாட காலத்துல கச்சான் அடிக்கல்லயா? நூறு மாடு நிண்ட பட்டி, நாட்டு நாம்பன் ரெண்டு, வருசா வருசம் கண்டு. அப்ப ஒருத்தரும் விதைச்சூடு பாக்கல்ல. இப்ப எல்லாத்துக்கும் ஒரு பேர் வைக்கிறாங்க.

வெள்ளைக்கோட்டு
சிங்கன் அண்ணே, நீங்க சொன்னதுலயே பதில் இரிக்கு. நாட்டு நாம்பன். திமில் மாட்டு இனத்துல விதைக்குப் போற நாடி விதைட அளவுக்கு நீளம் கூட, சுவர் மெல்லிசு, நாடிக்கும் நாளத்துக்கும் இடையில தூரமும் குறைவு. அதால ரத்தம் நல்லாக் குளிர்ந்துதான் உள்ளுக்குப் போகும். ஐரோப்பா இனத்துக்கு அந்த வசதி குறைவு, கலப்பு நடுவில நிக்கும். மலைநாட்டுக் குளிருக்குள்ள வளந்த நாம்பனக் கொண்டுவந்து படுவான்கரை வெட்டையில விட்டா அது என்ன செய்யும் பாவம். பால் கூடும் எண்டு பிரீசியன் இரத்தத்த எடுக்கிற ஆக்கள் இதையும் சேத்துத்தான் எடுக்கிறாங்க, விக்கிறவன் அதைச் சொல்றதில்ல.

எருமைக் கடா கதை வேற. கறுத்த தோல், உடம்புல வேர்வைச் சுரப்பி குறைவு, அதாலதான் சேத்துக்குள்ள படுக்குது. குளம் வத்தினா அதுக்குப் போக்கிடம் இல்ல. ஆனா எருமைக்கு அணு உண்டாகிற காலம் 38, 39 நாள் மட்டில, மாட்டை விடக் கெதி. அதால கெட்டாலும் கெதியாத் தெரியும், தண்ணி கிடைச்சா திரும்பி வாறதும் கெதி.

நிந்தவூர் காக்கா
எல்லாம் சரி டொக்டர் தங்கச்சி, ஒரு சந்தேகம் இரிக்கி. எங்கட அம்பாறைப் பக்கம் இங்கினியாகலைக்கு அங்கால யானை நிக்கிதே, அதுட பின்னால ஒண்டும் தொங்கல்லயே? வெயிலும் எங்களுக்கு அடிக்கிற அதே வெயில்தான். அதுக்கு மட்டும் எப்பிடிப் புள்ள பொறக்கிது? சும்மா பகிடிக்கு இல்ல, உண்மையாக் கேக்கன்.

வெள்ளைக்கோட்டு
நல்ல கேள்வி காக்கா. யானைக்கு விதை வயித்துக்குள்ள, சிறுநீரகத்துக்குக் கிட்ட இரிக்கு, கீழ இறங்குறதே இல்ல. பறவைக்கும் உள்ளுக்குத்தான், கோழிட உடம்புச்சூடு 41 பாகை, ஆனா சேவலுக்குக் குறை இல்ல. டொல்பினுக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ளுக்குத்தான், ஆனா அதுகள் துடுப்புலயும் வால்லயும் கடல் தண்ணியால குளிர்ந்த ரத்தத்த நேர விதைப் பக்கம் கொண்டுவரும்.

யானைக்கு அந்த வசதியும் இல்ல. யானையில p53 எண்டு ஒரு மரபணு 20 பிரதி இரிக்கு, எங்களுக்கு ஒண்டுதான். டிஎன்ஏ உடைஞ்சா அதைத் திருத்து, ஏலாட்டி கலத்தைச் சாகடி எண்டு கட்டளை போடுறது அது. புற்றுநோய்க்குத்தான் அந்தக் காவல் எண்டு சொல்லிக்கொண்டிரிந்தாங்க, 2023இல ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் பிரிட்ஸ் வொல்ராத், அதுக்கு இல்ல, சூட்டுக்குள்ள விந்தணுவக் காக்கத்தான் அது பெருகியிரிக்கும் எண்டு எழுதினார். இன்னும் நிரூபிச்ச விசயம் இல்ல, ஆனா எனக்குப் பிடிச்ச யோசினை.

நிந்தவூர் காக்கா
மாஷா அல்லாஹ். பயிரத் திண்டுட்டுப் போறதுக்குள்ள இவ்வளவு கிடக்குதா.

கல்லடிப் பாலம்
ஒரு பாகை ரெண்டு பாகை கூடினா என்ன நடக்கும் எண்டுதான் எனக்கு விளங்கல்ல. அணு வெந்து போகுமா? வெந்நீர்ல குளிக்கிற ஆக்கள் எல்லாம் மலடா?

வெள்ளைக்கோட்டு
வேகாது. சூடு கூடினா விதைக்குள்ள கலங்கள் கூட வேலை செய்யும், கூட ஒக்சிசன் கேக்கும். ஆனா விதைக்கு வாற ரத்தம் அதுக்கு ஏத்த மாதிரிக் கூடாது, எப்பவுமே ஒக்சிசன் மட்டுமட்டாத்தான் கிடைக்கும் அந்த இடத்துக்கு. முந்தி எல்லாரும் இந்த ஒக்சிசன் பத்தாக்குறைதான் அணுவக் கெடுக்குது எண்டு சொன்னாங்க. கனடாவுல கல்கரி பல்கலைக்கழகத்து ஆக்கள் விதையைச் சூடாக்கி, கூடவே மிருகத்துக்கு ஒக்சிசனக் கூட்டிக் குடுத்தும் பாத்தாங்க, அணு அப்பவும் கெட்டுத்தான் போச்சு. அப்ப சூடே நேர அடிக்குது.

எப்பிடி எண்டா, சூடுபட்ட கலத்துக்குள்ள சக்தி செய்யிற இடத்தால ஒக்சிசன் அரைகுறையா எரிஞ்சு வெளிய கசியும். அந்த மாதிரி ஒக்சிசன் கண்டதையும் போய்க் கடிக்கும். வழமையா அதை அடக்க நொதியங்கள் இரிக்கு, கூடினா அதுகளால ஈடுகுடுக்க ஏலாது. இதைத்தான் ஒக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் எண்டுறது. விந்தணு இதுக்கு நல்ல இரை. அதுட தோல் முழுக்க மீன் எண்ணெயில இரிக்கிற மாதிரியான கொழுப்பு, வளைஞ்சு நீந்த அதுதான் வேணும், ஆனா கெதியில காறிப்போறதும் அந்தக் கொழுப்புத்தான். தோல் காறினா வால் விறைச்சு நீச்சல் நிண்டிரும். அணுவுக்குள்ள வேற கலங்கள் மாதிரிக் கலக்கூழ் நிறைய இல்ல, தலையும் வாலும்தான், அதால காவல் நொதியம் வைக்க இடமும் இல்ல, உடைஞ்சத ஒட்ட ஆளும் இல்ல.

புதுக்கதை இல்ல இது. 1943லயே மக்லியோட் எண்டவர் ஒக்சிசன் கூடின இடத்துல மனிச விந்தணு நீச்சல் குறையுது எண்டு காட்டினார். 1946இல மாட்டு விந்தணு தானே ஹைட்ரஜன் பெரொக்சைட் விடுது எண்டு கண்டாங்க, அந்தக் காயத்துக்குப் போடுற மருந்துதான். ஆனா அதுக்காக முழுக்கத் துடைச்செறியவும் ஏலாது, முட்டைக்குள்ள நுழைய ஆயத்தமாகிறதுக்கு அணுவுக்குக் கொஞ்சம் அந்த ஒக்சிசன் வேணும்.

படுவான்கரை அண்ணே, உங்களுக்கு ஒண்டு. டிஎன்ஏ உடைஞ்ச அணு சிலநேரம் நீந்திப் போய் முட்டையைப் பிடிச்சிரும். கரு பிறகுதான் சாகும். அப்ப பசு மூண்டு கிழமையில கத்தாது, ஒண்டரை மாசம் கழிச்சுக் கத்தும். எந்தப் பசு எப்ப திரும்பக் கத்தினது எண்டு கொப்பியில எழுதி வைச்சிரிக்கிறீங்களா?

படுவான்கரைப் பட்டி
கொப்பி எல்லாம் இல்ல தங்கச்சி, மனிசிக்குத் தெரியும். கேட்டுப் பாத்தன், ரெண்டு பசு பிந்தித்தான் கத்தினதாம். மத்ததெல்லாம் மூண்டு கிழமைக்குள்ள.

பேர் வேணாம்
மாட்டுக் கதைக்குள்ள மனிசக் கதை கேக்கிறன், குறை நினைக்காதீங்க. கட்டாரில கட்டட வேலை, பைப் வெல்டிங். லீவுல வந்து நிக்கிறன். கலியாணம் முடிச்சு கொஞ்சக் காலம் ஆகுது, புள்ள இல்ல. வீட்டில அம்மா ஆக்கள் மனிசியைத்தான் பேசுறாங்க, அவட டெஸ்ட் எல்லாம் எடுத்து எல்லாம் சரி எண்டு வந்திரிக்கு. எனக்கு இன்னும் எடுக்கல்ல. மேல எழுதினத வாசிச்சிட்டு நெஞ்சு திக் எண்டு போச்சு.

தாதி அக்கா (கல்முனை)
தம்பி, உங்கள மாதிரி எத்தின பேர். பொம்புளைக்கு ரத்தம், ஸ்கேன், குழாய்க்கு மருந்து விட்டுப் பாக்கிறது எல்லாம் முடிச்ச பொறகுதான் மாப்பிள்ளை சீமன் டெஸ்டுக்கு வருவார், அதுவும் மாமிக்குத் தெரியாம. முதல் நாளே எடுக்க வேண்டிய டெஸ்ட் அது, ஊசி கூட இல்ல.

ரெண்டு நாளில இருந்து ஏழு நாளுக்குள்ள விலகி இரிந்து குடுக்கணும், வீட்டில எடுத்தா உடம்புச்சூட்டோட வைச்சு ஒரு மணித்தியாலத்துக்குள்ள லேபுக்குக் குடுக்கணும், மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்ள வெயில்ல வைச்சுக் கொண்டு வராதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2021இல போட்ட கீழ்மட்டக் கணக்கு ஒரு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன் அணு, அதுல நீந்துறது 42 வீதம். அதுக்குக் கீழ வந்தா புள்ளையே பிறக்காது எண்டு அர்த்தம் இல்ல, மேல வந்தா பிறக்கும் எண்டும் இல்ல. ஒரு றிப்போட்ட வைச்சு முடிவெடுக்காதீங்க, மூண்டு மாசம் விட்டு இன்னொண்டு எடுங்க. மனிசனுக்கு அணு உண்டாக 74 நாள் மட்டில, அதால டெங்கு மாதிரிக் கடுங்காய்ச்சல் வந்து ஒரு மாசத்துல எடுத்தா றிப்போட் கேவலமாத்தான் வரும். காய்ச்சல் வந்திரிந்தா டொக்டருக்குச் சொல்லுங்க, கேக்காட்டியும் சொல்லுங்க.

டொக்டர் கையால பாக்கக்குள்ள வெக்கப்படாதீங்க. விதைக்கு மேல நாளம் புடைச்சு புழுக்கூட்டம் மாதிரித் தட்டுப்படுறதுக்கு வெரிக்கோசீல் எண்டு பேர். ஆம்பிளைகள்ல 15 வீதம் பேருக்கு இரிக்கு, புள்ள இல்லாம வாற ஆம்பிளைகள்ல 35, 40 வீதம். கூட இடப்பக்கம்தான் வரும், அந்தப் பக்கத்து நாளம் சிறுநீரக நாளத்துல போய்ச் செங்குத்தா முட்டுறதால ரத்தம் தேங்கும். தேங்கினா குளிராது, சூடும் ஒக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸும் ரெண்டும் சேந்து வரும். ஒப்பரேசன் செய்யலாம், எல்லாருக்கும் தேவைப்படாது.

அம்மா ஆக்களிட வாயை இப்பவே அடக்குங்க தம்பி. றிப்போட் வரும்வரைக்கும் காத்திரிக்காதீங்க.

செங்கலடிச் சிங்கன்
அக்கா சொன்னதுக்கு லைக்.

ஹெல்த்_பிளஸ்_கிழக்கு
சகோதரரே கவலை வேண்டாம். எங்களிடம் வெளிநாட்டு அன்ரிஒக்சிடன்ட் கெப்சூல் உண்டு. விந்தணுவை மூன்று மாதத்தில் இருமடங்காக்கும். இன்பொக்ஸ் வரவும்.

தாதி அக்கா (கல்முனை)
வந்திட்டார். தம்பி, இன்பொக்சுக்குப் போகாதீங்க. அமெரிக்காவுல 2370 ஆம்பிளைகளை வைச்சு சிங்கும் போலிக் அசிட்டும் குடுத்துப் பாத்தாங்க, 2020இல முடிவு வந்தது. புள்ள பிறந்த கணக்கு கூடல்ல, டிஎன்ஏ உடைவு குளிசை குடிச்ச ஆக்களுக்குத்தான் கொஞ்சம் கூட. அதே வருசம் வந்த இன்னொரு ஆய்வுல விற்றமின் சி, ஈ, செலனியம், காணிட்டின் எல்லாம் சேத்துக் குடுத்தும் அணுவும் மாறல்ல, கர்ப்பமும் கூடல்ல. சத்துக் குறைஞ்ச ஆளுக்குச் சத்து குடுக்கலாம், சரி. சும்மா இரிக்கிற ஆளுக்கு மாசம் மாசம் காசை இறைச்சுக் குளிசை குடுக்கிறதுல ஒண்டும் இல்ல. சிகரெட்டை விடுங்க, அது இதைவிடப் பெரிசு.

கல்லடிப் பாலம்
அப்ப உடுப்பு? இறுக்கமான ஜீன்ஸ் போடக்கூடாதெண்டு சொல்றாங்களே.

வெள்ளைக்கோட்டு
2018இல ஹாவர்ட் ஆக்கள் 656 ஆம்பிளைகளைக் கேட்டாங்க, தொளதொளத்த உள்ளுடுப்பு போடுற ஆக்களுக்கு அணுட செறிவு 25 வீதம் கூட. ஆனா இறுக்கிப் போட்ட ஆக்கள்லயும் கனபேர்ட கணக்கு சாதாரண அளவுக்குள்ளதான். வீட்டில சாரத்தோட இரிக்கிற எங்கட ஆக்களுக்கு ஆய்வு தேவையில்ல எண்டு நினைக்கிறன். மடியில லெப்டொப் வைக்கிறதும் சாரத்தோடதான் எண்டா வேற கதை.

படுவான்கரைப் பட்டி
தங்கச்சி, இப்ப நான் என்ன செய்ய? நாம்பன விக்கவா?

வெள்ளைக்கோட்டு
அவசரப்படாதீங்க. வெக்கை தணிஞ்சு எத்தின நாள் எண்டு எண்ணுங்க, 70 நாள் தாண்டினாத்தான் புது அணு முழுசா வெளிய வரும். அதுக்குப் பொறகு கால்நடை வைத்தியரக் கூப்பிட்டு விந்து எடுத்து மைக்றொஸ்கோப்ல பாக்கச் சொல்லுங்க. அப்பவும் மோசம் எண்டா சூடு மட்டும் காரணம் இல்ல, வேற வருத்தம் இரிக்கும், அதைப் பாக்கணும். அதுவரைக்கும் கத்துற பசுவுக்கு சினை ஊசி போடுங்க, செயற்கையா விந்து ஏத்துறதுதான். ஊசி விந்து −196 பாகையில திரவ நைதரசனுக்குள்ள கிடக்கிறது, எங்கட கச்சான் அதைத் தொடாது. ஆனா பசுட முட்டையும் முதல் கிழமைக் கருவும் சூட்டுக்குக் கெடும், அதால ஊசி போட்ட பசுவையும் வெயில்ல விடாதீங்க. பெரியாக்கள் பசுவுக்கு உள்சூடு எண்டதுலயும் பாதி உண்மை இரிக்கு அண்ணே, பாதிதான்.

வாற வைகாசிக்கு முதல் கிடுகாலயாவது ஒரு கொட்டில், நாலு பக்கமும் திறந்து, காத்து போக உயரமா. தகரம் போடாதீங்க, தகரத்துக்குக் கீழ நிக்கிறது வெயில விட மோசம். தண்ணி ராவைக்கும் கிடைக்கணும். கோடையில வெறும் வைக்கோல்ல விற்றமின் ஈயும் இல்ல, ஏயும் இல்ல, கிளிசரியா இலை கொஞ்சமாவது வெட்டிப் போடுங்க, கிரான்குளத்தான் அண்ணன் சொன்ன தாதுப்பும் வேணும். நாம்பன விடியவோ பின்னேரமோ விடுங்க. முடிஞ்சா அந்தப் பழைய நாட்டு நாம்பன்ட இரத்தத்துல ஒண்டையும் பட்டியில வைச்சிரிங்க.

படுவான்கரைப் பட்டி
சரி தங்கச்சி. வியாபாரிக்கு மாடு இல்ல எண்டு சொல்லியாச்சு. நாட்டு நாம்பன அண்ணன்ட பட்டியில கேட்டிரிக்கன்.

காத்தான்குடி போறணை
நாங்க பேக்கரி. போறணைக்கு முன்னால நிக்கிற பொடியனுகளுக்கும் இது வருமா? பாண் போடுற நேரம் நெருப்புக்கு நேர வயிறும் கீழயும்தான் நிக்கிது.

தாதி அக்கா (கல்முனை)
வரலாம் நானா. இத்தாலியில ஓட்டுத் தொழிற்சாலை மாதிரி செரமிக் சூளையில வேலை செய்யிற ஆக்களைப் பாத்திரிக்காங்க, அவங்கட பொண்டாட்டிமாருக்குப் புள்ள தரிக்கக் கூடக் காலம் எடுத்திரிக்கு. எல்லாரும் மலடு இல்ல, பிந்தினது. ஆக்களை மாத்தி மாத்தி நிப்பாட்டுங்க, போறணை வாசலுக்குப் பக்கவாட்டுல நிண்டு தட்டை இழுக்கச் சொல்லுங்க, காத்தாடி ஒண்டு வையுங்க. வேலை மாறினா சில மாசத்துல கூடுதலானவங்களுக்குத் திரும்பி வரும்.

புது அம்மா
அக்கா எண்ட மகனுக்கு 7 மாசம், ஒரு பக்கம் விதை கீழ இல்ல எண்டு மிட்வைப் சொன்னா, வளர வளர இறங்கும் எண்டு மாமி சொல்றாங்க. காத்திரிக்கவா?

தாதி அக்கா (கல்முனை)
காத்திரிக்காதீங்க மகள். 6 மாசத்துக்குள்ள இறங்காட்டி பிறகு தானா இறங்குறது அரிது. மேல வயித்துச் சூட்டுக்குள்ள கிடக்கக் கிடக்க அணு உண்டாக்கிற கலம் கெடும், பின்னால புற்றுநோய் வாற வாய்ப்பும் கூட. 18 மாசத்துக்கு முதல் சின்ன ஒப்பரேசன் செய்து இறக்கி விடுவாங்க. புள்ளைட கிளினிக் கொப்பிய எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே குழந்தை சேர்ஜன் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கேளுங்க. குளிக்க வாக்கக்குள்ள, சுடுதண்ணியில உடம்பு தளர்ந்து இரிக்கிற நேரம், அந்தப் பக்கம் கீழ இறங்குதா எண்டு ஒருக்கா பாத்து வையுங்க, டொக்டர் கேப்பார்.